தடைக்காலக் கணக்கை எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

வணக்கம். மண்டபம், பாம்பன் பக்கம் மீன் ஏற்றுமதிக்குப் போகும் பிள்ளைகளுக்கு சப்ளை செயின் (சரக்கு வாங்கி, வைத்து, அனுப்பும் வேலை) அடிப்படை வகுப்பு நடத்துகிறோம். மறு ஆர்டர் கணக்கு எளிது: மீன் அடைக்க தினம் 20 தெர்மாகோல் பெட்டி, ஆர்டர் வந்துசேர 3 நாள், பாதுகாப்பு இருப்பு (அவசரத்துக்கு) 15, ஆகக் கையிருப்பு 75-க்கு (20×3+15) இறங்கினால் ஆர்டர்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடையில்தான் இது உதைக்கிறது. நாட்டுப்படகு மீன் வருவதால் தேவை பூஜ்யமும் இல்லை. தினம் 20 என்ற பழைய சராசரியையே பிடித்திருந்தால் பெட்டி குடோனில் தேங்கும். தடைக்காலச் சராசரியைப் பிடித்தால் ஜூன் 15-க்குப் பிறகு தட்டுப்பாடு.

ஐஸ், கிலோ மீனுக்கு ஒரு கிலோ போடச் சொல்கிறோம். உருகிய நீர் வடியப் பெட்டியில் துளை இல்லையென்றால் அடிமீன் ஊறிக் கெடும். அந்தக் கழிவை ஏனோ யாரும் செலவில் எழுதுவதில்லை!

வாடகை, ஐஸ், கழிவு மூன்றையும் கிலோவுக்குப் பிரித்துக் காட்டும் தமிழ்ப் பயிற்சித்தாள் யாரிடமாவது இருக்கிறதா? தடைக்காலத்துக்குத் தனிச் சராசரி போட்ட மாதிரி இருந்தால் இன்னும் நல்லது.