மறு: ‘கோல்டன் அவர்’ – பொன்னாழிகையும் கருக்கலும்

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சூரியன் உதித்த பின்னும் மறையும் முன்னும் கிடைக்கும் பொன்னிற ஒளிப்பொழுதை ஒளிப்படக்காரர்கள் ‘கோல்டன் அவர்’ (golden hour) என்கிறார்கள், உதயத்துக்கு முன்னும் மறைவுக்குப் பின்னும் உள்ள நீல மங்கலை ‘ப்ளூ அவர்’ (blue hour) என்கிறார்கள். இவற்றுக்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று ஒரு வாரமாக ஓடும் இழையைப் படித்து வருகிறேன். ‘கோல்டன் அவர்’க்குப் பொன்மணி, தங்க நேரம், பொன்வேளை, சாய்வெயில் என்று இதுவரை நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. காரைக்குடிப் பக்கம் கார்த்திகை தொடங்கி மாசி வரை கேமராவும் முக்காலியுமாகக் கண்மாய்க் கரைகளில் திரிகிறவன் நான். அந்த அனுபவத்தை வைத்து என் பங்குக்கும் சொல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேமரா வாங்கிய முதல் வருஷம் நடந்தது இது. இணையத்தில் ஒரு வெளிநாட்டுப் பாடத்தில், உதயத்துக்குப் பிறகு ஒரு மணி நேரம் அந்தப் பொன்னிற ஒளி நிற்கும் என்று சொல்லியிருந்தார்கள். பெயரே ‘அவர்’ என்றுதானே இருக்கிறது, நானும் நம்பினேன். மார்கழியில் இங்கே ஆறரை மணியை ஒட்டித்தான் பொழுது விடியும். ஏழரை வரை நேரம் கிடக்கிறது என்று நிதானமாகக் காபி குடித்துவிட்டு ஏழே காலுக்குக் கண்மாய்க்குப் போய்ச் சேர்ந்தேன். கரையில் அய்யனார் கோயில் மண் குதிரைகள், பின்னால் வரிசையாகப் பனை, மழைக்கு நிரம்பிய தண்ணீரில் ஆம்பல். எல்லாம் இருந்தன, ஒளி போய்விட்டது. வெயில் வெளுத்துக் குதிரைகளின் முகத்தில் சப்பென்று அடித்தது. மடை பார்க்கும் பெரியவர் ஒருவர் அங்கே நின்றிருந்தார். “கருக்கல்ல வந்திருக்கணும் தம்பி. இப்பப் பனியெல்லாம் எந்திரிச்சுப் போயிருச்சே” என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் நாம் இங்கே தேடுகிற இரண்டு சொற்களில் ஒன்று இருந்தது என்பது எனக்கு அப்போது தெரியவில்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அடுத்த சில நாட்கள் இருட்டோடு எழுந்து போய், கடிகாரத்தைப் பார்த்தபடி படம் எடுத்தேன். அரை மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அப்போதுதான் கணக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. ஒளிப்படக்காரர்கள் பலரும், சூரியன் அடிவானத்திலிருந்து 6 பாகை (டிகிரி) உயரம் ஏறுகிற வரைக்கும் உள்ள ஒளியை ‘கோல்டன் அவர்’ என்று வைத்துக்கொள்கிறார்கள். அடிவானத்துக்குக் கீழே 4 பாகையிலிருந்தே தொடங்குகிறவர்களும் உண்டு, அது இப்போது வேண்டாம். காரைக்குடி ஏறத்தாழ 10 பாகை வட அட்சத்தில், அதாவது நிலநடுக்கோட்டுக்கு அருகில், இருக்கிறது. இங்கே சூரியன் கிட்டத்தட்ட நிமிர்ந்த ஏணியில் ஏறுவதுபோல் ஏறும். டிசம்பர் கடைசியில் அந்த 6 பாகையைக் கடக்க 27 நிமிடம் ஆகிறது. அதே நாளில் லண்டனில் 55 நிமிடம். அங்கே நடுப்பகலிலேயே சூரியன் 15 பாகைக்கு மேல் போகாது, அடிவானத்தை ஒட்டியே நகர்ந்து சாயும். அந்த ஊர்க்காரர்கள் ‘அவர்’ என்று பெயர் வைத்தது அவர்கள் கண்ணுக்குச் சரி. நம் கண்மாய்க்கு அது பொருந்தாது.

நம் ஊரில் மார்ச் 21ஐ ஒட்டி இதே கணக்கைப் போட்டால் 24 நிமிடம் வருகிறது. அந்த எண்ணைத் தாளில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. 24 நிமிடம் என்பது ஒரு நாழிகை. நாளுக்கு 60 நாழிகை, ஒரு மணிக்கு இரண்டரை நாழிகை. நம் முன்னோர் இந்த ஒளிக்காக நாழிகையை வகுக்கவில்லை, அப்படி நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த ஒளி நம் நாட்டில் எவ்வளவு நேரம் நிற்கும் என்று சொல்ல அளவெடுத்தாற்போல் ஒரு சொல் நம்மிடம் இருக்கும்போது, மணியை எதற்குக் கடன் வாங்க வேண்டும்?

ஆகவே நான் முன்வைப்பது பொன்னாழிகை. பொன் + நாழிகை.

நாழிகை வழக்கொழிந்த சொல் என்று யாராவது சொல்வீர்கள். செட்டிநாட்டில் எந்த வீட்டிலும் பெட்டகத்தைத் திறந்து ஒரு பழைய ஜாதகத்தை எடுத்துப் பாருங்கள், பிறந்த நேரம் நாழிகை, விநாழிகையில்தான் இருக்கும். வாக்கியப் பஞ்சாங்கத்தில் இன்றைக்கும் திதியும் நட்சத்திரமும் நாழிகையில்தான் அச்சாகின்றன. எங்கள் ஆச்சி பஞ்சாங்கத்தைப் பார்த்து உதயாதி நாழிகையை மணியாக்கிச் சொல்வார்கள். நாழிகையை உதயத்திலிருந்து எண்ணுவதுதான் நம் முறை. ஒளிப்படக்காரருக்கு வேண்டியதும் அதே கணக்குத்தான்: சூரியன் வந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்பது.

மற்றச் சொற்களைப் பற்றி. பொன்மணி, தங்க நேரம் இரண்டும் ஆங்கிலத்தின் நிழல். விபத்திலும் மாரடைப்பிலும் உயிர் காக்கிற முதல் ஒரு மணியைப் பத்திரிகைகள் ‘பொன்னான நேரம்’ என்று ஏற்கெனவே எழுதுகின்றன, அதோடு இது மோதும்.

சாய்வெயில் எனக்கு மிகவும் பிடித்த சொல். ஒளியின் காரணமே அதற்குள் இருக்கிறது. சூரியன் சாய்ந்திருக்கும்போது ஒளி நீண்ட தூரம் காற்றைத் துளைத்துக்கொண்டு வர வேண்டும். உச்சியில் இருக்கும்போது கடக்கிற காற்றைப்போல அடிவானத்தில் சுமார் 38 மடங்கு, 6 பாகையில் சுமார் 9 மடங்கு. வழியில் நீலம் சிதறிப்போகிறது, மஞ்சளும் சிவப்பும் நம்மிடம் வந்து சேர்கின்றன. இவ்வளவையும் ‘சாய்’ என்ற ஓர் அசை சொல்லிவிடுகிறது. ஆனால் இங்கே “வெயில் சாயட்டும், போவோம்” என்றால் சாயங்காலம் மட்டும்தான். சாய்வெயிலில் வாருங்கள் என்று ஒருவரைக் கூப்பிட்டால் அவர் மாலை நாலரைக்கு வந்து நிற்பார். ‘மஞ்சள் வெயில்’ என்பதற்கும் இதே குறைதான். ‘இளவெயில்’ என்றால் காலையோடு நின்றுவிடுகிறது. இரண்டு பொழுதுக்கும் பொதுவான சொல் நமக்கு வேண்டும்.

பொன்வேளைதான் உண்மையான போட்டி. அழகாக இருக்கிறது, சொல்லவும் எளிது. என் தயக்கம் ஒன்றே ஒன்று. காலை வேளை, மாலை வேளை என்று நாம் சொல்லிப் பழகியதெல்லாம் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு நீளுகிறவை. பொன்வேளை என்று கேட்கிற புதுப் பையனும் அப்படித்தான் எடுத்துக்கொள்வான், நான் ஏழே காலுக்குப் போய் நின்றதுபோலப் போய் நிற்பான். ‘சீக்கிரம் கிளம்பு’ என்பதையும் அந்தச் சொல்லே சொல்ல வேண்டும். நாழிகை சொல்கிறது.

டொராண்டோ நண்பர் நேற்று எழுதிய மறுப்பு நியாயமானது. அவர் ஊரில் டிசம்பரில் இது 42 நிமிடம் வருகிறது, அதை நாழிகை என்று எப்படிச் சொல்வது என்கிறார். ஐயா, இன்று நம் ஊரில் இருபத்தேழு நிமிட ஒளியை ‘அவர்’ என்று சொல்லிக்கொண்டுதானே இருக்கிறோம். எந்த ஊர் ஒளியை அளவாகக் கொண்டு பெயரிட்டாலும் மற்ற ஊர்களில் முன்னே பின்னே ஆகும். தமிழ்ச்சொல் தமிழ் பேசும் நிலத்து ஒளியை அளவாகக் கொள்ளட்டும். யாழ்ப்பாணமும் நமக்குப் பக்கத்து அட்சம்தான், அங்கும் இது பொருந்தும்.

இன்னொருவர் புணர்ச்சி பற்றிக் கேட்டிருந்தார். பொன் + நாடு பொன்னாடு ஆவதுபோல இது பொன்னாழிகை ஆகிறது. பொன் + ஆழி + கை என்றும் பிரிக்கலாமே என்றால், பிரிக்கலாம்தான். ஒளிப்படம் பற்றிப் பேசும் இடத்தில் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன். சேர்த்து எழுதினால் தேடுபொறியில் தனிச்சொல்லாக அகப்படும் என்ற வசதியும் உண்டு.

சரி, இப்போது ‘ப்ளூ அவர்’. இதற்கு நீலமணி, நீல நேரம் என்றெல்லாம் வந்திருக்கின்றன. இதற்குச் சொல் ஆக்கவே வேண்டாம் என்பது என் கட்சி. மடை பார்க்கும் பெரியவர் சொன்ன கருக்கல் இருக்கிறது. விடியுமுன் உள்ள மங்கலுக்கும் அந்திக்குப் பின் உள்ள மங்கலுக்கும் இது பொது. ‘ப்ளூ அவர்’ என்பதும் இரண்டுக்கும் பொதுதானே. காலை என்று குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால் விடியக் கருக்கல் என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். மாலைக்கு மாலைக் கருக்கல் போதும்.

கருக்கலில் நீலம் எங்கே இருக்கிறது, கருப்புத்தானே இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கார்மேகத்தை நீலமேகம் என்கிற மொழி நம்முடையது. கண்ணனை ஒரே மூச்சில் கரியவன் என்றும் நீலவண்ணன் என்றும் சொல்கிறோம். அந்த இரண்டு நிறமும் கலந்து நிற்கிற வானம்தான் கருக்கல் வானம். மார்கழியில் ஒருநாள் எழுந்து கிழக்கே பார்த்தால் இந்த வாதமே வேண்டியிருக்காது.

இங்கேயும் கணக்கு நம் பக்கம் நிற்கிறது. சூரியன் அடிவானத்துக்குக் கீழே 6 பாகையில் இருப்பதிலிருந்து உதயம் வரை டிசம்பரில் நமக்கு 23 நிமிடம். அதாவது உதயத்துக்கு முன் ஒரு நாழிகை கருக்கல், பின் ஒரு நாழிகை பொன்னாழிகை. அடர்ந்த நீலம் நிற்பது கீழே 6க்கும் 4க்கும் நடுவில், சுமார் 9 நிமிடம்தான்.

அந்த 9 நிமிடத்தின் அருமையைப் பெரிய கார்த்திகையன்று பார்க்க வேண்டும். கானாடுகாத்தான் தெருக்களில் வீட்டு வாசலில் அகல் ஏற்றி வைத்திருப்பார்கள். நல்ல வெளிச்சம் இருக்கும்போது எடுத்தால் சுடர் தெரியாது. முழுக்க இருட்டிய பின் எடுத்தால் சுடர் மட்டும் தெரியும், மாடமும் முகப்பும் கரியாகிவிடும். நடுவில் ஒரு சில நிமிடம் வானத்தின் வெளிச்சமும் அகலின் வெளிச்சமும் சமமாக நிற்கும். அப்போது நீல வானமும் மஞ்சள் சுடரும் சுண்ணாம்புச் சுவரின் வழவழப்பும் ஒரே படத்தில் அடங்கும். என்னிடம் அப்படி ஒரே ஒரு படம் இருக்கிறது, மூன்று வருஷம் முயன்று கிடைத்தது.

இரண்டு சொல்லும் தனித்தனியாக வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குத் தொழில் காரணமும் உண்டு. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர்ப் பக்கம் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் இருக்கிறது, 1977இல் அறிவிக்கப்பட்டது. அங்கே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பனிக்காலக் காலையில் அங்கே போனால், கருக்கலில் மரத்தையும் தண்ணீரையும்தான் எடுக்க முடியும், முக்காலியில் வைத்து, ஷட்டரை விநாடிக் கணக்கில் திறந்து. பறக்கிற நத்தைக்குத்தி நாரையை நிறுத்திப் பிடிக்க ஆயிரத்தில் ஒரு விநாடி வேண்டும், அதற்குப் பொன்னாழிகை வரக் காத்திருக்க வேண்டும். “கருக்கலில் நிலம், பொன்னாழிகையில் பறவை” என்று கூட வருகிற பையன்களிடம் சொல்கிறேன். உடனே புரிந்துகொள்கிறார்கள்.

எங்கள் பக்கத்துச் செம்மண் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன். ஏற்கெனவே சிவந்த மண்ணில் பொன்னாழிகை ஒளி விழுந்தால் கேமராவின் தானியங்கி வெள்ளைச் சமன், அதாவது படத்தின் நிறத்தைத் தானாகச் சரிசெய்யும் அமைப்பு, அதைப் பிழை என்று எண்ணி நிறத்தைக் குறைத்துவிடும். பகல் வெளிச்சத்துக்கான அமைப்பில், அதாவது 5500 கெல்வினை ஒட்டி, நிறுத்திவையுங்கள். அப்புறம், பனி மூடிய காட்சியைக் கேமராவின் ஒளி அளக்கும் மீட்டர் சாம்பலாக்கிவிடும், ஒரு ஸ்டாப், அதாவது ஒளியை இரு மடங்காக, கூட்டி எடுக்க வேண்டும். அந்தக் கூட்டலுக்கான தமிழ்ச்சொல்லுக்குத் தனி இழை தொடங்குவோம், இதில் கலக்க வேண்டாம்.

மார்கழியில் சூரியன் நேர்க்கிழக்கிலிருந்து 24 பாகை தெற்கே தள்ளி உதிக்கிறது. பங்குனியில் பார்த்துவைத்த இடத்தில் மார்கழியில் போய் நின்றால் ஒளி வேறு பக்கமிருந்து வரும். பட்டு அறிந்ததால் சொல்கிறேன்.

சொற்பட்டியலுக்கு நான் தரும் வரையறை இது. பொன்னாழிகை: உதயத்துக்குப் பின்னும் மறைவுக்கு முன்னும், சூரியன் அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 6 பாகைக்குள் இருக்கும்போது கிடைக்கும் இளமஞ்சள் ஒளிப்பொழுது. கருக்கல்: உதயத்துக்கு முன்னும் மறைவுக்குப் பின்னும், சூரியன் அடிவானத்துக்குக் கீழே ஏறத்தாழ 6 பாகைக்குள் இருக்கும் நீல மங்கல் பொழுது.

கொங்கு நாட்டிலும் நாஞ்சில் நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் இருக்கும் நண்பர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்கள் விடியுமுன் உள்ள அந்த மங்கலை என்ன சொல்லிக் குறிக்கிறார்கள் என்று கேட்டு எழுத வேண்டும். மசங்கல் என்று ஒரு சொல்லைக் கேட்டிருக்கிறேன், அது மாலைக்கு மட்டுமா காலைக்கும் உண்டா என்பது முக்கியம். பதில்கள் வந்த பிறகு வரையறையைத் திருத்தி மறுபடி அனுப்புகிறேன். நாளைக்கு விடியக் கருக்கலில் கண்மாய்க்குப் போக வேண்டும், இத்தோடு நிறுத்துகிறேன்.

அன்புடன்,
காரைக்குடியிலிருந்து