பொருள்: மறு: முன் அச்சு அத்தியாயம் – டிஃபரன்ஷியலுக்கு ‘ஈடுகட்டி’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

இதுவரை வந்த மடல்களை மொத்தமாகப் படித்தேன். நம் பழுதுபார்ப்புக் கையேட்டில் டிஃபரன்ஷியலுக்கு (வண்டி திரும்பும்போது ஒரே அச்சின் இரண்டு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற இடம் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) என்ன தமிழ்ச் சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு வேறுபாட்டுப் பல்லிணை, வகையீட்டுப் பல்லிணை, வேகப்பங்கி, பங்கீட்டுப்பெட்டி என்று வரிசையாக வந்திருக்கிறது. அப்புறம் ‘எதற்கு வம்பு, டிஃபரன்ஷியல் என்றே போட்டுவிடலாம்’ என்ற கட்சியும் இருக்கிறது. அந்தக் கட்சி மேல் எனக்குக் கோபம் இல்லை, ஆனால் பட்டறையில் அந்தச் சொல்லும் பெரும்பாலும் வருவதில்லை. ‘கிரவுன் போச்சு’ என்பார்கள், உள்ளே போனது கிரவுனோ பேரிங்கோ ஸ்டார் பினியனோ. (கிரவுன் என்பது பெட்டிக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம், அதைச் சுற்றவைப்பது பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், இரண்டு பக்க அச்சுக்கும் ஓட்டத்தைப் பிரித்துத் தரும் குட்டிப் பல்சக்கரம் ஸ்டார் பினியன்.) பழைய ஃபோர் வீல் வண்டி வைத்திருப்பவர் பட்டறைக்குப் போகும் முன்னால் தானே கொஞ்சம் பார்த்துக்கொள்ளத்தான் இந்தக் கையேடு. அதனால் பாகம் என்ன வேலை செய்கிறது என்பதைப் பெயரே காட்டிக்கொடுத்தால் பாதி விளக்கம் மிச்சம்.

> வேறுபாட்டுப் பல்லிணை என்றாலே புரிகிறதே, புதிதாக ஒன்று எதற்கு?

என் சிக்கல் அதன் நீளம் இல்லை, பொருள்தான். அந்தப் பெயரைக் கேட்டால் இந்தப் பெட்டிதான் இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் வேறுபாட்டை உண்டாக்குகிறது என்று தோன்றும். உண்டாக்குவது சாலை. வண்டி இடப்பக்கம் திரும்பினால் வலச் சக்கரம் பெரிய வட்டத்தில் போயாக வேண்டும், அவ்வளவுதான். பெட்டி அதற்கு இடம் கொடுக்கிறது, கொடுக்கும்போது கணக்கை விடுவதில்லை. கிரவுன் 100 சுற்று சுற்றும் நேரத்தில் இடச் சக்கரம் 90 சுற்றினால் வலச் சக்கரம் 110 சுற்றும். ஒன்று இழந்ததை மற்றது எடுத்துக்கொள்ளும், சராசரி எப்போதும் கிரவுனின் வேகம். ஆனால் திருகுவிசையை மட்டும் இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே தரும். ஒரு சக்கரம் சேற்றில் வழுக்கினால் கெட்டித் தரையில் நிற்கும் மற்ற சக்கரமும் சும்மா நிற்பது இதனால்தான்: வழுக்குகிற சக்கரம் எவ்வளவு விசையைத் தாங்குகிறதோ அவ்வளவுதான் அடுத்ததற்கும் கிடைக்கும்.

‘வகையீடு’ நுண்கணிதத்தின் சொத்து, அங்கேயே இருக்கட்டும். ‘வேகப்பங்கி’ கெட்டிக்காரச் சொல்தான். ஆனால் ஃபோர் வீல் வண்டியில் பங்கு பிரிக்க வேறொரு பெட்டி இருக்கிறது, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஓட்டத்தைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ். இரண்டுக்கும் ‘பங்கு’ என்று வைத்தால் படிப்பவர் எந்தப் பெட்டியின் எண்ணெயை இறக்குவது என்று தெரியாமல் வண்டிக்கடியில் படுத்துக்கிடப்பார். பங்கீட்டுப்பெட்டியை டிரான்ஸ்ஃபர் கேஸுக்கே கொடுத்துவிடலாம் என்பது என் கருத்து, அதற்குத்தான் அது கச்சிதமாகப் பொருந்துகிறது.

டிஃபரன்ஷியலுக்கு நான் முன்வைப்பது ‘ஈடுகட்டி’. நெல்லில் விட்டதை உளுந்தில் ஈடுகட்டுகிற மாதிரி, ஒரு சக்கரத்தில் விட்டதை மறு சக்கரத்தில் கட்டுகிறது. இது என் மூளையில் மட்டும் உதித்த கோணமும் இல்லை. ஜெர்மன்காரர்கள் இதற்கு வைத்திருக்கும் சொல்லின் பொருளே ‘ஈடுசெய்யும் பல்லிணை’தான். இங்கிலாந்தில் ஜேம்ஸ் ஸ்டார்லி 1877இல் மூன்று சக்கர மிதிவண்டிக்கு இதைப் பொருத்திய காலத்தில், ‘சமன் பல்லிணை’ என்ற பொருள்படும் பெயரும் அங்கே வழங்கியிருக்கிறது. அதற்கும் அரை நூற்றாண்டுக்கு முன்பே பிரான்சில் பெக்கர் என்ற கடிகாரக்காரர் நீராவி வண்டிக்காக இதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார்.

> சொல் நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டறையில் நிற்குமா?

நியாயமான கேள்வி. இதை அகராதிக்குள் வைத்துப் பார்த்துப் பயனில்லை, வேலையில் விட்டுத்தான் பார்க்க வேண்டும். அதனால் அத்தியாயத்தின் ஒரு பகுதியையே இந்தச் சொல்லை வைத்து எழுதிப் பார்த்தேன். எடுத்துக்காட்டுக்கு மாருதியின் ஜிப்சி கிங் வண்டி. முழு அச்சு, பட்டை ஸ்பிரிங், முன் சக்கரத்தை உள் அச்சோடு கையால் திருகிப் பூட்டும் ஹப், தேவைப்படும்போது மட்டும் போடும் ஃபோர் வீல் என்று எல்லாமே வெளிப்படையாக இருப்பதால் விளக்குவது எளிது. கதை கூடலூர்ப் பக்கம் ஓடையைத் தாண்டித் தாண்டி ஓடிய ஒரு வண்டியுடையது. மாதிரிப் பகுதி இதோ:

முன்பக்கம் ஊளைச் சத்தம் வந்த உடனே முன் ஈடுகட்டி மேல் பழியைப் போடாதீர்கள். ஹப்பைத் திறந்துவிட்டு டூ வீலில் ஓட்டுங்கள். அந்த நிலையில் சக்கரம் மட்டும்தான் சுற்றும், உள் அச்சுகளும் முன் ஈடுகட்டியும் முன் புரொப்பல்லர் ஷாஃப்டும் (டிரான்ஸ்ஃபர் கேஸிலிருந்து ஈடுகட்டிக்கு ஓட்டத்தைக் கொண்டுவரும் தண்டு) அப்படியே நிற்கும். அப்போதும் சத்தம் வந்தால் வீல் பேரிங்கையோ டயரையோ பாருங்கள், ஈடுகட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அடுத்து ஹப்பைப் பூட்டி, டூ வீலிலேயே ஓட்டுங்கள். இப்போது சக்கரம் ஈடுகட்டியைச் சுற்றவைக்கும், ஆனால் பளு இருக்காது. இதில் சத்தம் தொடங்கினால் சந்தேகம் ஈடுகட்டி, புரொப்பல்லர் ஷாஃப்டின் மூட்டான கிராஸ், சக்கரம் திரும்பும் கணுவான நக்கிளுக்குள் இருக்கும் ஜாயிண்ட் என்ற மூன்றுக்குள் வந்துவிட்டது. முன் புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றிவிட்டு மறுபடி ஓட்டினால் கிராஸும் கணக்கிலிருந்து கழியும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மட்டும் டிக் டிக்கென்றால் நக்கிள் ஜாயிண்ட். நேராகப் போகும்போது வேகத்தோடு ஏறி இறங்கும் ஊளை என்றால் கிரவுன் பினியன் கடி, அல்லது பினியன் பேரிங். மூன்றாவதாக ஃபோர் வீல் போட்டு மண் பாதையில் ஓட்டிப் பாருங்கள், ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போதும் விடும்போதும் சத்தம் மாறுகிறதா என்று கவனியுங்கள். இதைக் காய்ந்த தார் ரோட்டில் செய்ய வேண்டாம். முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே இந்த வண்டியில் ஈடுகட்டி கிடையாது என்பதால் திரும்பும்போது முழு அமைப்பும் முறுக்கிக்கொள்ளும்.

(பாருங்கள், ‘நடுவே ஈடுகட்டி கிடையாது’ என்றதுமே ஏன் முறுக்குகிறது என்பதும் கூடவே புரிந்துவிடுகிறது. ‘நடு வேறுபாட்டுப் பல்லிணை கிடையாது’ என்று எழுதிப் பாருங்கள், அதற்குமேல் இன்னும் இரண்டு வரி விளக்கம் கேட்கும்.)

அப்புறம் வண்டியை நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கட்டை வைத்து, முன்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கி ஸ்டாண்டில் உட்காரவையுங்கள். ஹப் பூட்டியிருக்கட்டும், டூ வீலில் இருக்கட்டும். ஒருவர் முன் புரொப்பல்லர் ஷாஃப்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் ஒரு சக்கரத்தை முன்னோக்கிச் சுற்றினால் எதிர்ச் சக்கரம் பின்னோக்கிச் சுற்ற வேண்டும். கிரவுன் நிற்கிறது, சராசரி சுழி, அதனால் ஒன்று முன்னே போனால் மற்றது அதே அளவு பின்னே வந்துதான் ஆக வேண்டும். எதிர்ச் சக்கரம் அசையவே இல்லை என்றால் ஸ்டார் பினியன் உடைந்திருக்கும், அல்லது அச்சு முறிந்திருக்கும், அல்லது ஹப் சரியாகப் பூட்டவில்லை. முதலில் ஹப்பைப் பாருங்கள், செலவில்லாத வேலை அது. பிறகு ஷாஃப்டை விட்டுவிட்டு இரண்டு சக்கரத்தையும் இருவர் ஒரே திசையில் சேர்ந்து சுற்றுங்கள். ஒரு சுற்றுக்கு ஒரு ‘டக்’ விழுந்தால் கிரவுனில் பல் போயிருக்கிறது. ஒரு சுற்றுக்குள் கிட்டத்தட்ட நாலு ‘டக்’ என்றால் பினியனில், ஏனென்றால் கிரவுன் ஒரு முறை சுற்றுவதற்குள் பினியன் ஏறக்குறைய நாலு முறை சுற்றிவிடும்.

கூடலூர் வண்டியில் சுற்றுக்கு ஒரு டக். பினியன் முனையிலுள்ள ஃபிளாஞ்சைக் கையால் பிடித்து மேலும் கீழும் ஆட்டினால் ஆடியது, அது துளிகூட ஆடக்கூடாது. எண்ணெய் நட்டைத் திறந்ததும் முதலில் இறங்கியது எண்ணெயே அல்ல, ஒரு மடக்குத் தண்ணீர். அதன் பிறகு வெளுத்துப்போன சாம்பல் குழம்பு. காந்தத்தை விட்டு எடுத்தால் மை மாதிரி நுண்ணிய தூள் ஒட்டுவது பழைய வண்டியில் சகஜம், அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. இதில் ஒட்டியது நகத்துண்டு அளவில் ஒரு சில்லு, ஒரு பக்கம் பளபளவென்று, மறுபக்கம் உடைந்த மணல் மணலான முகம். பல்லின் நுனி.

காரணம் பல்லில் தொடங்கவில்லை. ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த ஓடைக்குள் இறங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்குகிறது. அச்சுக்குள் காற்று வந்துபோக வைத்திருக்கும் மூச்சுத்துளை வழியாகவும் தேய்ந்த ஆயில் சீல் வழியாகவும் தண்ணீரை உள்ளே இழுக்கிறது. பினியன் பேரிங் துருப்பிடித்துக் குழி விழுந்தது, பினியன் தளர்ந்தது, கிரவுனோடு கடிக்கும் இடம் பல்லின் ஓரத்துக்கு நகர்ந்தது, ஓரம் பளு தாங்காமல் சில்லு தெறித்தது. கிரவுன் பினியனை மட்டும் மாற்றிவிட்டு மூச்சுத்துளையை அப்படியே விட்டால் அடுத்த மழைக்காலத்தில் இதே கதைதான். ஒரு ரப்பர் குழாயைப் போட்டு அதை எஞ்சின் அறையின் உயரத்துக்கு ஏற்றிவிடுவது சொற்பச் செலவு.

பழுதுபார்ப்பில் இரண்டு வழி. பழைய வண்டிப் பாகம் விற்கும் சென்னைப் புதுப்பேட்டை மாதிரி இடத்தில் கழற்றிய முழு ஈடுகட்டியைக் கூட்டோடு வாங்கி மாட்டுவது ஒன்று. கடி கலையாமல் வரும் என்பதால் செட்டிங் வேலை மிச்சம். ஆனால் வாங்கும் முன் கிரவுன் பல்லையும் பினியன் பல்லையும் எண்ணி வகுத்துப் பாருங்கள், உதாரணத்துக்கு 41ஐ 11ஆல் வகுத்தால் சுமார் 3.73. பின் ஈடுகட்டியின் விகிதமும் அதுவாகவே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஃபோர் வீல் போட்ட நிமிடமே முன்னும் பின்னும் சண்டை போடும். ‘எல்லா ஜிப்சியும் ஒண்ணுதான் சார்’ என்று கடைக்காரர் சொல்வதை நம்பாமல் எண்ணுங்கள்.

இன்னொரு வழி புது கிரவுன் பினியன். இரண்டும் ஜோடியாகத்தான் மாறும், ஒன்றை மட்டும் மாற்றக்கூடாது. உள் அச்சு இரண்டையும் வெளியே இழுத்த பிறகுதான் கூடு கழன்று வரும். பேரிங் மூடிகளில் இடம் வலம் குறியிட்டுக் கழற்றுங்கள், மாறிப்போனால் துளை பொருந்தாது. பினியன் ஆழத்தைச் சிம் என்ற மெல்லிய தகடு வைத்துச் சரிசெய்து, டயல் கேஜ் என்ற அளவுமானி வைத்துப் பல்லிடை ஆட்டம் (கடிக்கும் பற்களுக்கு நடுவில் விடும் இடைவெளி) பாருங்கள். இந்த அளவு வண்டிகளில் அது மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, ஒன்றரைப் பங்கு என்ற கணக்குதான், சரியான எண்ணை வண்டியின் மேனுவலில் இருந்து எடுத்துக்கொள்ளுங்கள். பல்லில் நிறக்களிம்பு பூசிச் சுற்றினால் கடித்தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும், நுனியிலும் கூடாது அடியிலும் கூடாது. புது ஆயில் சீல், 80டபிள்யூ-90 ஜிஎல்-5 வகைக் கியர் எண்ணெய் சுமார் 2 லிட்டர், முடிந்தது.

மாதிரிப் பகுதி இவ்வளவுதான். எழுதும்போது ‘ஈடுகட்டி’ எங்கேயும் காலை வாரவில்லை. ‘பல்லிடை ஆட்டம்’, ‘கடித்தடம்’ இரண்டும் வழியில் தானாக வந்து விழுந்தவை, ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள். முதலாவதைப் ‘பல்லாட்டம்’ என்று சுருக்கலாமா என்று யோசித்தேன், பல் டாக்டரிடம் அனுப்பிவிடுவார்கள் என்று விட்டுவிட்டேன்.

> ஈடு என்றால் அடமானம் இல்லையா? ‘வண்டிக்கு ஈடுகட்டி இருக்கிறதா’ என்றால் லோன் என்று நினைக்க மாட்டார்களா?

நிலத்தை ஈடு வைப்பார்கள், ஈடு கட்ட மாட்டார்கள். வினை வேறு என்பதால் குழப்பம் வராது என்றே நினைக்கிறேன். ஆனாலும் அத்தியாயத்தில் முதல் முறை வரும் இடத்தில் ‘ஈடுகட்டி, அதாவது டிஃபரன்ஷியல்’ என்று போட்டுவிடலாம், யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னும் தீராத சங்கடம் லாக்கர், அதாவது ஈடுகட்டியைப் பூட்டும் அமைப்பு பற்றிய விஷயம். பூட்டிவிட்டால் அது ஈடுகட்டவே கட்டாது, இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ‘பூட்டிய ஈடுகட்டி’ என்பது முரணாகத் தெரிகிறது என்று கோவை நண்பர் எழுதியிருந்தார். எனக்கு அது முரணாகப் படவில்லை, ஈடுகட்டுவதைத்தானே பூட்டுகிறோம். ஆனால் வழுக்கலுக்குத் தகுந்தபடி பாதி பூட்டி பாதி விடும் வகை இருக்கிறதே, அதற்கு என்னிடம் நல்ல சொல் இல்லை. ‘வழுக்குமட்டு ஈடுகட்டி’ வரை போய் நின்றுவிட்டேன், அதை நானே சத்தமாகப் படித்துப் பார்த்தால் சிரிப்பு வருகிறது. யாராவது தனி இழையாகத் தொடங்குங்கள்.

கிரவுன், பினியன், சிம், ஹப் நாலும் இருக்கிறபடியே இருக்கட்டும். அவை ஏற்கெனவே தமிழ்நாட்டுப் பட்டறைக்குக் குடிவந்துவிட்ட சொற்கள், அவற்றுக்கும் தமிழாக்கம் வேண்டும் என்று யாராவது கிளம்பினால் அந்த விண்ணப்பத்தில் என் கையெழுத்தை எதிர்பார்க்க வேண்டாம்.