மூன்று மணிக்குப் பிளேன் சத்தம் நின்றால் அம்மா பதறுகிறார்

ஹவுன்ஸ்லோ மகள்:
கிளிநொச்சியில் இருந்து அம்மா எங்களிடம் வந்து எட்டு மாதம். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இறங்குகிற பிளேன்கள் எங்கள் கூரைக்கு மேலேதான், சக்கரம் வெளியே வந்திருப்பதுகூடத் தெரியும், ஒன்று போய் இரண்டு நிமிசம் ஆகாது, அடுத்தது வந்துவிடும். இதற்குப் பயப்படுவார் என்று நினைத்தேன். இல்லை, அவர்பாட்டுக்கு முருங்கைக்காய் வெட்டிக்கொண்டிருப்பார். ஆனால் சில வாரங்களில் பின்னேரம் மூன்று மணிக்குச் சத்தம் சட்டென்று நின்றுவிடும், அப்போதுதான் கத்தியை வைத்துவிட்டு வளவுக்குப் போய் வானத்தைப் பார்க்கிறார். சின்னவன் ஜன்னலோடு ஒட்டி நின்றால் "கண்ணாடிப் பக்கம் நிக்காதை ராசா" என்று படிக்குக் கீழே இழுத்துக்கொண்டு போய்விடுகிறார். உங்கள் வீடுகளில் யாருக்காவது இப்படி இருக்கிறதா?

பொழிச்சலூரான்:
சென்னை விமான நிலையத்தை ஒட்டித்தான் எங்கள் வீடு. பிளேன் வந்தால் எல்லோரும் பேச்சைப் பாதியில் நிறுத்துவோம், போனதும் விட்ட இடத்தில் இருந்து தொடங்குவோம். அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், ஏன் மொத்தக் குடும்பமும் திடீரென்று வாயை மூடிக்கொண்டது என்று முழித்தார்கள்! 2020 ஊரடங்கில் மார்ச் 25இல் இருந்து இரண்டு மாதம் உள்நாட்டு விமானமே ஓடவில்லை. அப்பாவுக்குத் தூக்கம் கெட்டதே அப்போதுதான், நடுராத்திரியில் மொட்டைமாடியில் உலாத்துவார். அதனால் இது சாதாரணம்தான் அக்கா.

பங்கர் பிள்ளை:
தம்பி, உங்கள் அப்பாவுக்கு அது பழக்கம், அந்த அம்மாவுக்கு அப்படி இல்லை. நான் முல்லைத்தீவுப் பக்கம். போர்க்காலத்தில், 1996இல் கிபிர் (இலங்கை விமானப்படையின் குண்டுபோடும் ஜெட்) வந்த பிறகு காதை நம்ப ஏலாமல் போனது, தலைக்கு மேலால் கடந்த பிறகுதான் இரைச்சல் வரும், சத்தம் வந்த பக்கம் பார்த்தால் பிளேன் அங்கே இருக்காது. போய்விட்டதா, திரும்பி வருகிறதா என்று தெரியாத அந்த அமைதியில்தான் பங்கருக்குள் பிள்ளைகளை எண்ணுவோம். "ஒன்றுமில்லை அம்மா" என்று மட்டும் சொல்லாதீர்கள் தங்கச்சி. கூடப் போய் நில்லுங்கள்.

ஃபெல்தம் மாமா:
மூன்று மணிக்குக் காரணம் இருக்கிறது. மேற்குக் காற்று அடிக்கும் நாட்களில் ஒரு ஓடுபாதையில் இறக்குவார்கள், மற்றதில் ஏற்றுவார்கள், இரண்டு பக்கத்துச் சனமும் அரைநாளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று மூன்று மணிக்கு மாற்றிவிடுவார்கள். வாரத்துக்கு வாரம் முறையும் மாறும். வருச அட்டவணை விமான நிலையத்தின் இணையதளத்தில் இருக்கிறது, அச்சடித்துக் கொடுங்கள். (2003 வரைக்கும் கொன்கோர்ட் என்ற அதிவேகப் பயணிகள் பிளேன் ஏறும்போது எங்கள் அலமாரிக் கோப்பைகள் கிலுகிலுக்கும், மனிசி இடையில் துணி வைத்திருந்தாள். இப்போது பரவாயில்லை.)

ஹவுன்ஸ்லோ மகள்:
நன்றி மாமா, பிரிட்ஜில் ஒட்டிவிட்டேன். இன்று இரண்டே முக்காலுக்கு "இண்டைக்கு மூண்டு மணிக்கு நிக்கும்" என்று அம்மாவே சொன்னார், நின்றது, வளவுக்குப் போகவில்லை. ஆனால் நாலரைக்கு பொலிஸ் ஹெலி ஒன்று வந்து சுற்றியது. பங்கர் அண்ணா, அம்மா பிள்ளையோடு திரும்பவும் படிக்குக் கீழேதான், இந்த முறை நானும் போய்க் குந்தினேன்.