ஊன்றுகருத்து: தொடக்கநிலைச் சமூக அறிவியலுக்கு ஒரு கலைச்சொல்

நீலகிரி மாவட்டத்துக் கூடலூரிலிருந்து, ஆசிரியை ஒருவர்:

குழுமத்தார் அனைவருக்கும் வணக்கம்.

குறுவள மையக் கூட்டத்தில் (சுற்றுவட்டாரப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் பயிற்சிக் கூட்டத்தில்) வைப்பதற்காக ஐந்தாம் வகுப்புச் சமூக அறிவியலுக்கு ஓர் அலகுத் திட்டம் எழுதிக்கொண்டிருக்கிறேன். மக்கள் இடம்பெயர்தல் என்பது பொருள். ஆங்கிலக் கல்வி நூல்களில் 'பிக் ஐடியா' என்றும் 'பவர்ஃபுல் ஐடியா' என்றும் அடிக்கடி வருகிற சொல்லுக்குத் தமிழில் எதை எழுதுவது என்று தெரியாமல் இரண்டு நாளாக நிற்கிறேன். 'பெரிய கருத்து' என்று எழுதினால் எங்கள் தலைமையாசிரியரே சிரித்துவிடுவார். 'மையக்கருத்து' என்றாலோ, செய்யுளைக் கொடுத்து அதன் மையக்கருத்தை எழுதச் சொல்லும் தமிழ்த்தாள் வினாதான் நினைவுக்கு வருகிறது. பாடக்குறிப்பேட்டில் குறிக்கோளுக்கு ஓர் இடம் உண்டு, உள்ளடக்கத்துக்கு ஓர் இடம் உண்டு. இந்த இரண்டையும் சேர்த்துக் கட்டுகிற கயிற்றுக்குத்தான் பெயர் இல்லை. உதவுங்கள்.

கோத்தகிரியிலிருந்து மறுமொழி:

அன்புள்ள ஆசிரியை அவர்களுக்கும் குழுமத்தாருக்கும் வணக்கம்.

கயிற்றுக்குப் பெயர் இல்லை என்று நீங்கள் எழுதியதை மூன்று முறை படித்தேன். பெயர் இல்லாததனால் கயிறே இல்லாமல் போனதற்கு என் பழைய குறிப்பேடுகள் சாட்சி. 'மாணவர்கள் தேயிலையைப் பற்றி அறிந்துகொள்வர்' என்று பன்னிரண்டு ஆண்டுகள் ஒரே வாக்கியத்தைக் குறிக்கோள் என்ற தலைப்பின் கீழ் எழுதியவன் நான். அப்படி ஒரு வாக்கியத்தின் கீழ் எதை வேண்டுமானாலும் கொட்டலாம் என்பதால், தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர் என்பதும், கோயம்புத்தூர் ஆட்சியராக இருந்த சல்லிவன் 1819இல் கோத்தகிரிப் பக்கம் வந்தார் என்பதும், மலை இரயில் 1899இல் குன்னூர் வரையும் 1908இல் உதகை வரையும் ஓடத் தொடங்கியது என்பதும் ஒரே பாடவேளையில் பலகைக்கு ஏறின. எதுவும் பிழையான செய்தி அன்று. ஆனால் இவை ஏன் ஒரே பாடத்தில் ஒன்றாக உட்கார்ந்திருக்கின்றன என்று ஒரு குழந்தை கேட்டிருந்தால் என்னிடம் விடை இருந்திருக்காது.

தொடக்கநிலைச் சமூக அறிவியலைப் பற்றி விரிவாக எழுதிய அமெரிக்க ஆய்வாளர்களான ஜியர் பிராஃபியும் ஜேனட் ஆலமனும் இந்த நோயைத்தான் சுட்டினார்கள். உணவு, உடை, உறைவிடம், போக்குவரத்து முதலான, எல்லாச் சமூகங்களுக்கும் பொதுவான வாழ்க்கைக் கூறுகளை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் குழந்தை எதைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதை முதலில் முடிவுசெய்து, அந்தப் புரிதலுக்கு உதவும் செய்திகளை மட்டும் பிறகு தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அவர்களின் வாதம். தேயிலை என்பது தலைப்பு. தேயிலையைக் கொண்டு நாம் புரியவைக்க விரும்புவது வேறு. தலைப்பையே குறிக்கோள் என்று எண்ணிக்கொள்வதுதான் நாம் செய்யும் தவறு.

வீடு, தெரு, ஊர், மாவட்டம், மாநிலம் என்று வட்டம் வட்டமாக விரித்துக்கொண்டு போகும் முறை நமக்குப் பழக்கமானது. அமெரிக்காவில் அதைப் பால் ஹன்னா என்ற கல்வியாளரின் பெயரோடு சேர்த்துச் சொல்வார்கள். அண்மையிலிருந்து சேய்மைக்குப் போவது எளிது என்பது அதன் அடிப்படை. கூடலூரில் இது நிற்காது என்பதை நீங்கள் எனக்குமேல் அறிவீர்கள். உங்கள் வகுப்பில் ஒரு குழந்தையின் பாட்டி இலங்கையின் நுவரெலியாவிலிருந்து வந்திருப்பார், இன்னொரு குழந்தையின் வீட்டில் மலையாளம் பேசுவார்கள், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பணியர் பழங்குடி வீட்டுப் பிள்ளையின் முன்னோர் இந்த இருவருக்கும் முன்பே அங்கே இருந்தவர்கள். சேய்மை என்று பாடநூல் சொல்வது அங்கே வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. 'நம் ஊர்' என்று பாடம் தொடங்கினால் ஒரு பிள்ளைக்கு அது ஹட்டி எனும் படகர் ஊர், ஒரு பிள்ளைக்கு மந்து எனும் தோடர் குடியிருப்பு, ஒரு பிள்ளைக்கு எஸ்டேட் லைன் எனும் தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை. ஆகவே வட்டத்தை நம்பித் திட்டமிட முடியாது. கருத்தை நம்பித்தான் திட்டமிட வேண்டும்.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். நோக்கம், குறிக்கோள், கற்றல் விளைவு ஆகியன நம்மிடம் உண்டு. தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுமம் 2017இல் பட்டியல் வெளியிட்ட பிறகு 'கற்றல் விளைவு' எல்லாப் பயிற்சிகளிலும் புழங்குகிறது. இலங்கையில் இதையே 'கற்றற்பேறு' என்கிறார்கள். 'பக்கவிளைவு' என்பதன் நிழல் படியாத அந்தச் சொல்லின்மீது எனக்குக் கொஞ்சம் பொறாமைகூட உண்டு. ஆனால் இவையெல்லாம் குழந்தை எதைச் செய்துகாட்டும் என்பதைச் சொல்கின்றன. எந்தப் புரிதலின்மேல் நின்று செய்துகாட்டும் என்பதைச் சொல்லவில்லை.

நான் எண்ணிப் பார்த்துத் தள்ளிய சொற்களையும் எழுதிவிடுகிறேன். 'பெருங்கருத்து' ஓசையில் நன்று. ஆனால் அளவு இங்கே பொருட்டே அன்று. தொல்காப்பியத்தின் பக்கமும் மனம் போயிற்று. நிலமும் பொழுதும் முதற்பொருள். தெய்வம், உணவு, விலங்கு, மரம், புள், பறை, தொழில், யாழ் ஆகியன கருப்பொருள். அவற்றுக்குள் ஓடும் ஒழுக்கம் உரிப்பொருள். நம் உள்ளடக்கப் பட்டியல் முழுவதும் கருப்பொருள்தானே, அதற்கு உயிர் கொடுப்பதை உரிப்பொருள் என்றால் என்ன என்று ஓர் இரவு முழுவதும் மகிழ்ந்திருந்தேன். விடிந்ததும் மகிழ்ச்சி கலைந்தது. கருப்பொருளை இப்போது மாநாட்டுக்காரர்கள் தலைப்புக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள். உரிப்பொருளோ, குறிஞ்சிக்கு உரிப்பொருள் எது என்று (விடை: புணர்தல்) ஆசிரியர் அறையில் யாராவது கேட்டால் எழுகிற சிரிப்பை நீங்கள் அறிவீர்கள். மலைப் பள்ளியில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பயிற்சி நடத்த முடியாது.

'தங்குகருத்து' என்பதை இன்னும் கொஞ்சம் மதிக்கிறேன். 'பாடம் மனசுல தங்கவே இல்ல' என்று நாம் நாள்தோறும் சொல்கிறோம். ஆனால் விளம்பரப் பாட்டும் மனத்தில் தங்குகிறது. தங்குவது மட்டும் போதாது. மேலும் இது வினைத்தொகை, வல்லினம் மிகாது. எத்தனை முறை சொன்னாலும் பாதிப் பேர் 'தங்குக்கருத்து' என்றுதான் எழுதுவார்கள்.

ஆகவே நான் முன்வைப்பது 'ஊன்றுகருத்து'. இதுவும் வினைத்தொகைதான், ஆனால் 'ஊன்றுகோல்' எல்லாருக்கும் தெரிந்த சொல் என்பதால் கை தானாகவே சரியாக எழுதும். ஊன்றுதல் நடுதலும் ஆகும். நம் தோட்டங்களில் உருளைக்கிழங்கு விதையை ஊன்றுகிறோம். ஊன்றிப் படி என்றால் கவனித்துப் படி என்று பொருள். குழந்தையின் மனத்தில் ஊன்றப்படுவது, ஆசிரியர் எந்தச் செய்தியை எடுப்பது எதை விடுவது என்று தடுமாறும்போது ஊன்றிக்கொள்வது, இரண்டும் ஒரே சொல்லில் கிடைக்கின்றன.

ஒரு நிபந்தனை வேண்டும்: ஊன்றுகருத்து எப்போதும் முழு வாக்கியமாக இருக்க வேண்டும். 'போக்குவரத்து' ஊன்றுகருத்து ஆகாது. 'ஒருவர் விளைவித்த பொருள் பல கைகள் மாறி இன்னொருவரிடம் சேர்கிறது. ஒவ்வொரு கையும் அதன் விலையில் ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறது' என்பது ஊன்றுகருத்து.

இதை ஊன்றிக்கொண்டு சென்ற பருவத்தில் நான்காம் வகுப்பைக் கொழுந்து எடை போடும் இடத்துக்குக் கூட்டிச் சென்றேன். மழை நாள். சாக்கு நனைந்திருந்தது. எடைக்காரர் தராசில் தெரிந்த எண்ணிலிருந்து ஈரத்துக்கென்று கொஞ்சம் கழித்துச் சீட்டில் எழுதியதைப் பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். வகுப்புக்குத் திரும்பியதும், ஒரு கிலோ தூளுக்கு ஏறத்தாழ நான்கு முதல் நாலரை கிலோ கொழுந்து வேண்டும் என்பதையும், தொழிற்சாலையில் ஆன தூள் குன்னூர் ஏலத்துக்குப் போகும் என்பதையும், ஏலத்தில் தூள் விற்ற சராசரியை வைத்துத்தான் சிறு விவசாயியின் பசுந்தேயிலைக்குத் தேயிலை வாரியம் மாதந்தோறும் விலை அறிவிக்கிறது என்பதையும் சொன்னேன். தொட்டபெட்டாவும் சல்லிவனும் அன்று வரவில்லை. மலை இரயிலும் வரவில்லை; அதற்கு வேறோர் ஊன்றுகருத்து வேண்டும், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மட்டும் ஏன் பற்சக்கரத் தண்டவாளம் என்ற வினாவோடு அது தனியாக வரட்டும்.

பாடம் முடியும்போது பின்வரிசைப் பெண்பிள்ளை ஒருத்தி, "இலை எங்களுது, விலை அவங்களுது" என்றாள். முழு உண்மை அன்று, 'அவங்க' யார் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஆனால் அடுத்த பாடவேளைக்கு அதைவிட நல்ல தொடக்கம் எனக்குக் கிடைத்திருக்காது.

(உள்ளடக்கத்தைக் கழிப்பதற்குப் 'பாடக் கவாத்து' என்று சென்ற மாதம் இங்கே ஒருவர் விளையாட்டாக எழுதினார். தேயிலைச் செடியைக் கவாத்து செய்தால்தான், அதாவது கிளைகளை வெட்டிவிட்டால்தான், கொழுந்து வரும் என்பதால் நமக்கு இனிக்கிறது. சமவெளி நண்பர்களுக்குக் கவாத்து என்றால் போலீஸ் மைதானம். நமக்குள் வைத்துக்கொள்வோம்.)

குன்னூரிலிருந்து மறுமொழி:

ஐயா, வணக்கம். சொல் நன்றாக இருக்கிறது, ஆனால் மூன்று தடைகள் எனக்கு உண்டு. ஊன்றுகோல் தளர்ந்தவர் கையில் இருப்பது. ஆசிரியரைத் தளர்ந்தவராகக் காட்டும் சொல் வேண்டுமா? அடுத்து, 'கருத்து' என்றால் இன்று அபிப்பிராயம் என்றுதான் பலர் கொள்கிறார்கள். 'கருத்துரு' என்றோ 'கருத்தாக்கம்' என்றோ முடித்தால் திட்பமாக இருக்குமே. மூன்றாவதுதான் பெரிய தடை. முழு வாக்கியமாக எழுது என்று விதித்தால், அந்த வாக்கியத்தையே பலகையில் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்லும் ஆசிரியர்களை நான் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். தொட்டபெட்டாவின் உயரத்தை ஒப்பித்த பிள்ளை இனி ஊன்றுகருத்தை ஒப்பிக்கும்.

கோத்தகிரியிலிருந்து:

அம்மா, வணக்கம். முதல் தடையை ஏற்க மனம் வரவில்லை. ஆடி மாதச் சேற்றில் தோட்டத்துச் சரிவில் இறங்குகிறவர்கள் எல்லார் கையிலும் தடி இருக்கிறது, இருபது வயதுக்காரர் கையிலும்.

இரண்டாவது தடை எனக்கு ஆதரவாகவே படுகிறது. கருத்தாக்கம் என்றால் 'சந்தை', 'குடியேற்றம்' என்று ஒற்றைச் சொல்லோடு நின்றுவிடலாம். கருத்து என்றால் யாராவது மறுக்க இடம் இருக்கிறது. ஒவ்வொரு கையும் விலையில் பங்கெடுக்கிறது என்று நான் சொன்னால், 'எங்க அப்பா நேரா சந்தையில விக்கிறாரே' என்று கேரட் பயிரிடுபவர் மகன் மறுக்கலாம். மறுக்க முடியாத வாக்கியத்தை வைத்துச் சமூக அறிவியல் நடத்த முடியாது.

மூன்றாவது தடைக்கு முன் நான் தலைகுனிகிறேன். வரையறையில் ஒரு தொடரைச் சேர்த்திருக்கிறேன். 'ஊன்றுகருத்து: ஓர் அலகின் குறிக்கோளையும் உள்ளடக்கத்தையும் இணைக்கும், முழு வாக்கியமாக அமைந்த, பிற சூழல்களிலும் எடுத்தாளத்தக்க புரிதல். ஆசிரியரின் திட்டத்தில் எழுதப்படுவது. மாணவர் தம் சொற்களில் வந்தடைய வேண்டியது.' இதற்குமேல் ஒரு கலைச்சொல்லால் ஆசிரியரின் கையிலிருந்து சாக்கட்டியைப் பிடுங்க முடியாது. பன்மை 'ஊன்றுகருத்துகள்' என்றே இருக்கட்டும், 'க்கள்' வேண்டா.

கூடலூரிலிருந்து:

இருவருக்கும் நன்றி. சொல்லை எடுத்துக்கொண்டேன். உடனே எழுதிப் பார்த்ததில் இரண்டு வாக்கியங்கள் அடிபட்டன. 'மக்கள் பல காரணங்களால் இடம்பெயர்கிறார்கள்' என்பது முதல் வாக்கியம். எந்தச் செய்தியையும் அது வெளியே தள்ளவில்லை, எல்லாவற்றையும் உள்ளே விட்டது. 'மக்கள் வேலை தேடி இடம்பெயர்கிறார்கள்' என்பது இரண்டாவது. என் வகுப்புப் பிள்ளைகளின் பாட்டிமார் வேலை தேடி வரவில்லை. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், இலங்கையில் குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பது என்று முடிவாயிற்று. இங்கே வந்தவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது. வேலை பின்னால் வந்தது, முடிவு முன்னால் வந்தது.

மூன்றாவது வாக்கியம் இப்போது இப்படி நிற்கிறது: 'சிலர் தாமே முடிவுசெய்து ஊர் மாறுகிறார்கள், சிலருக்காக வேறு யாரோ முடிவுசெய்கிறார்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள்.' கடைசித் தொடர் பணியர் பிள்ளைகளுக்காகச் சேர்த்தது. ஐந்தாம் வகுப்புக்கு நீளம் என்று தோன்றினால், வரும் வெள்ளிக்குள் குறைத்துத் தாருங்கள். திங்கட்கிழமை இரண்டாம் பாடவேளை என்னுடையது.