யுபிஐ சொல்லிக்கொடுக்கும்போது எவ்வளவு சொன்னால் போதும்?

ஞாயிறு வகுப்பு:
திருவண்ணாமலைப் பக்கம் சின்ன ஊர் எங்களுடையது. மகளிர் குழுவில் ஞாயிறுதோறும் போனில் பணம் அனுப்ப, வாங்கச் சொல்லிக்கொடுக்கிறேன். வருகிறவர்கள் பத்துப் பதினோரு பேர், பெரும்பாலும் நாற்பதைத் தாண்டியவர்கள். பயந்துவிடக் கூடாதே என்று முதல் வாரம் எல்லாவற்றையும் சுருக்கி, "ஸ்கேன் பண்ணுங்க, பின் போடுங்க, வேலை முடிஞ்சுது" என்றேன். எல்லோருக்கும் சட்டென்று பிடிபட்டது.

மூன்றாவது வாரம் ஓர் அக்கா வரவில்லை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். பழைய தையல் மெஷினை விற்க நினைத்திருக்கிறார். போனிலேயே விலை பேசிய ஒருவன், "அட்வான்ஸ் போடறேன், நான் அனுப்பற க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்றிருக்கிறான். போட்டார். 4,500 ரூபாய் போய்விட்டது. "நீ சொன்ன மாதிரிதானே கண்ணு செஞ்சேன்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அன்றைக்கே சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுத்தோம்.

தப்பு அவர்மேல் இல்லை, நான் சொன்ன வாக்கியத்தில்தான். ஆனால் வங்கி, சர்வர், யுபிஐயை நடத்தும் என்பிசிஐ என்று முழுக்க விளக்க ஆரம்பித்தால் இரண்டு பேர் அடுப்பைக் காரணம் சொல்லி எழுந்துவிடுகிறார்கள். எங்கே நிறுத்துவது?

ஓய்வுபெற்ற கேஷியர்:
அம்மா, முப்பது வருடம் கவுண்டரில் உட்கார்ந்தவன் சொல்கிறேன். போன்தான் அவர்களுக்குப் புதிது, வங்கி புதிதில்லை. பணம் எடுக்கும் சீட்டு ஒன்று, பணம் கட்டும் செலான் ஒன்று, இரண்டையும் கையில் கொடுத்துப் பேசுங்கள். உங்கள் கணக்கில் பணம் கட்டப் பக்கத்து வீட்டுப் பையன் வந்தாலும் வாங்கிக்கொள்வோம், உங்கள் கையெழுத்தைக் கேட்க மாட்டோம். எடுப்பதற்குத்தான் உங்கள் கையெழுத்து. அதையும் பழைய கையெழுத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துத்தான் கொடுப்போம். பின் என்பது அந்தக் கையெழுத்துதான், நாலு அல்லது ஆறு இலக்கத்தில் இருக்கிறது. "உனக்குப் பணம் தரேன், இந்த எடுக்கிற சீட்டுல கையெழுத்துப் போடு" என்று ஒருவன் நீட்டியிருந்தால் அந்த அக்கா போட்டிருப்பாரா?

செயலி எழுதுகிறவன்:
சார் சொன்னது அருமை. ஓர் இடத்தில் மட்டும் கவனம். இருப்பு பார்க்கவும் பின் கேட்கும். "பின் போட்டால் பணம் போகும்" என்று படித்தவர், இருப்பு பார்த்த அன்று பணம் போகாததைக் கண்டு குழம்புவார். அப்புறம் நாம் சொன்ன மற்றதிலும் சந்தேகம் வந்துவிடும். யுபிஐ லைட்டில் சின்னத் தொகை பின் இல்லாமலே போகும் என்பதால் "பின் போடாமல் பணம் போகாது" என்பதும் சரிவராது. "பணம் வாங்கப் பின் வேண்டாம், விரல் ரேகையும் வேண்டாம்" என்று சொல்லுங்கள். இதற்கு விதிவிலக்கு கிடையாது, பின்னால் திருத்திச் சொல்லும்படி வராது.

என்பிசிஐ என்ற பெயரை விட்டுவிடலாம். ஆனால் இரண்டு வங்கிக்கும் நடுவே ஓர் இடம் இருக்கிறது என்பதை விடாதீர்கள். அனுப்பியவர் கணக்கில் கழிந்து, வாங்குகிறவர் கணக்கில் ஏறாமல் பணம் நிற்பது நடக்கிற விஷயம். தெரியாதவர்கள் பதறிப்போய் இன்னொரு தடவை அனுப்பிவிடுகிறார்கள். ஆளுக்கு ஆள் அனுப்பியது அப்படி நின்றால், ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி மறுநாளுக்குள் திரும்பியாக வேண்டும். கடைக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாள். அதற்கு மேல் தாமதமானால் நாளுக்கு 100 ரூபாய் ஈடு தர வேண்டும். இதையெல்லாம் சொன்னால் பயந்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். காரணம் தெரியாதபோதுதான் பயம் அதிகம்.

ஞாயிறு வகுப்பு:
இருவருக்கும் நன்றி. நேற்று செய்து பார்த்தேன். வங்கிக் கிளையில் சீட்டும் செலானும் வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தேன். இருவர் இருவராக எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒருவர் போனைப் பாயில் கவிழ்த்துவைத்துக் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும், எதிரில் இருப்பவர் ஒரு ரூபாய் அனுப்ப வேண்டும். கவிழ்ந்து கிடந்த போன் டிங் என்றது. "நான் தொடவே இல்லையே, எப்படி வந்துச்சு?" என்று கேட்டது அதே தையல் மெஷின் அக்காதான்.

செலானைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ அவன் பணம் போடறதா இருந்தா என்கிட்ட எதுக்குப் பின் கேட்டான்?" என்றார். அதன்பிறகு நான் பேசத் தேவையே இருக்கவில்லை. மற்றவர்களுக்கு அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். நடுவில் நிற்கிற பணம் பற்றிச் சொன்னபோது ஒருவரும் எழுந்து போகவில்லை, கேள்விமேல் கேள்வியாக அரைமணி ஓடியது.

4,500 இன்னும் திரும்பவில்லை. கிளம்பும்போது அக்கா சீட்டையும் செலானையும் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். ஓரகத்திக்குக் காட்ட வேண்டுமாம்.