மூணு நிமிஷம் பிளாங்க் நிக்குது, நாலாவது குவார்ட்டர்ல இடுப்பு பிடிக்குது

லெஃப்ட்ஹாஃப்_கோவில்பட்டி:
ஹாக்கி ஆடுதேன், வயசு 19. பிளாங்க் மூணு நிமிஷம் தாராளமா நிப்பேன், சிட்அப் தினமும் நூறு. இருந்தும் நாலாவது குவார்ட்டர்ல குனிஞ்சு டேக்கிள் போடும்போது கீழ்முதுகு கல்லா இறுகிருது. கோர் (வயிறு, இடுப்பைச் சுத்தின தசை) பத்தலன்னு கோச் சொல்லுதாரு. இன்னும் எதைக் கூட்டணும் அண்ணாச்சி?

பாளை_பிசியோ:
கூட்ட வேண்டாம் தம்பி, மாத்துங்க. மூணு நிமிஷம் நிக்கிறவங்கள்ல பலபேருக்குப் பாதியிலேயே இடுப்பு தொங்கிரும். அப்புறம் வயிறு தாங்காது, கீழ்முதுகுதான் தாங்கும். முழங்கையைத் தோளுக்கு நேர் கீழ ஊணி, முழங்கையையும் கால்விரலையும் ஒண்ணையொண்ணு பாத்து இழுங்க. கை, கால் நகரக் கூடாது. பிட்டத்தை இறுக்குங்க. 10 விநாடி பிடிச்சு, 5 விநாடி விட்டு, ஆறு தடவை. ஒழுங்கா செஞ்சா நாலாவதுலயே வயிறு நடுங்கும்.

சிட்அப்பை விட்டுருங்க. ஆட்டம் பூரா குனிஞ்சுதான் நிக்கிய, அதுக்கு மேல நூறு தடவை முதுகை வளைக்கணுமா? காலையில எந்திரிச்ச உடனே செய்யவே கூடாது. ராத்திரி படுக்கையில முதுகெலும்புக்கு இடையில இருக்க டிஸ்க் நீர் இழுத்து உப்பியிருக்கும், முதல் ஒரு மணி நேரம் வளைச்சா அழுத்தம் கூடும்.

பதிலுக்கு, கனடாவுல முதுகெலும்பு ஆய்வு செஞ்ச ஸ்டூவர்ட் மெக்கில் சொல்லுத மூணு: கர்ல்அப், சைடு பிளாங்க் (ஒருக்களிச்சு ஒரு முழங்கையில தாங்குதது), பேர்ட் டாக் (கையும் முழங்காலும் ஊணி, ஒரு கையையும் எதிர்ப்பக்கத்துக் காலையும் நீட்டுதது). கர்ல்அப்னா, மல்லாக்கப் படுத்து ஒரு காலை மடக்கி, ஒண்ணை நீட்டி, ரெண்டு கையையும் கீழ்முதுகுக்கு அடியில வச்சு, தலையும் தோளும் தரையை விட்டு லேசா எழும்பினாப் போதும். எல்லாத்துலயும் பிடி 10 விநாடிக்கு மேல வேண்டாம். முதல் செட் 6, அடுத்தது 4, அப்புறம் 2. அசதி ஏற ஏற ஃபார்ம் கெடும், அதான் எண்ணிக்கை இறங்குது.

பேர்ட் டாக்ல கீழ்முதுகு மேல அரை லிட்டர் தண்ணி பாட்டிலை முதுகெலும்பு வாக்குல நெடுக்கப் படுக்க வைங்க. உருண்டா இடுப்பு திரும்புதுன்னு அர்த்தம். காலை இடுப்பு உயரத்துக்கு மேல தூக்குததுதான் பெரும்பாலும் காரணம்.

சுரண்டை_கபடி:
மேல சொன்னதோட திரும்பாம தாங்குத பயிற்சியும் வேணும். நம்ம பக்கத்து கிரவுண்டுல கேபிள் மெஷினுக்கு எங்க போக? பழைய சைக்கிள் ட்யூப்ல வால்வு பக்கத்தை வெட்டி எறிஞ்சுட்டு, கோல் போஸ்ட்ல நெஞ்சு உயரத்துக்குக் கட்டுங்க. போஸ்டுக்குப் பக்கவாட்டுல நின்னு, ட்யூபோட மறுமுனையை ரெண்டு கையாலயும் பிடிச்சு நெஞ்சுலருந்து நேரா முன்னால தள்ளி 2 விநாடி நிறுத்துங்க. பக்கத்துக்கு 10, மூணு செட். தோள் போஸ்ட் பக்கம் திரும்பினா ஒரு எட்டு கிட்ட வாங்க. பழகினபிறகு அதையே அரைக்குந்துல செய்ங்க.

ஹாக்கில இடதுகை மட்டையே கிடையாது, உடம்பு எப்பவும் ஒரே பக்கமாத்தான் முறுக்கும். அதனால தடுமாறுத பக்கத்துக்கு ஒரு செட் கூட.

லெஃப்ட்ஹாஃப்_கோவில்பட்டி:
பாட்டில் இடது கால் தூக்கும்போது மட்டும் உருளுது. பின்னால சாஞ்சா வலது பக்கம் சுள்ளுன்னு குத்தவும் செய்யுது.

பாளை_பிசியோ:
இதை முதல்லயே சொல்லியிருக்கணும். உங்க வயசுல, பின்னால சாயும்போது ஒரு பக்கம் மட்டும் குத்தினா, கீழ்முதுகெலும்புல ஸ்ட்ரெஸ் ஃபிராக்சரா (திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்து எலும்புல வர்ற கீறல்) இருக்கலாம். வேகப்பந்து போடுத பையங்களுக்கு அடிக்கடி வர்றது. ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமப் போகும், எம்ஆர்ஐ கேக்கலாம். பாளை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி எலும்பு ஓபியில காட்டுங்க. அதுவரைக்கும் ஓட்டம், டிராக் ஃபிளிக் (பந்தை மட்டையால இழுத்து வீசுத அடி), மேல சொன்ன பயிற்சி எதுவும் வேண்டாம்.