கியூப ஓவியர் விஃப்ரெடோ லாமின் கல்லச்சுப் படங்களை நேரில் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

நானே தொடங்குகிறேன். பாரிஸில் பழைய அச்சுப் படங்கள் விற்கும் ஒரு சின்னக் கடையில் லாமின் லித்தோகிராஃப், அதாவது கல்லச்சுப் படம், ஒன்றைப் பார்த்தேன். எழுபதுகளில் அச்சானது. கடைக்கார அம்மா இழுப்பறையிலிருந்து தாளை எடுத்து மேசையில் விரித்துவிட்டு, "நிதானமா பாருங்க" என்று நகர்ந்துவிட்டார். கண்ணாடியும் இல்லை, சட்டமும் இல்லை.

தாள் முழுக்க மங்கிய மண் நிறம். நடுவே குதிரை முகமும் பெண் மார்பும் கொண்ட உருவம். தாடைக்குக் கீழே தாடி மாதிரி ஏதோ தொங்குகிறது. அதன் கையில் கொம்பு முளைத்த ஒரு குட்டி வட்டத் தலை. குனிந்து பார்த்தால் கறுப்பு ஒரே சீராக இல்லை. கிரேயான் கல்லின் சொரசொரப்பில் உரசிய இடமெல்லாம் பொடிப்பொடிப் புள்ளிகள். எண்ணெய்ப் பசையுள்ள கிரேயானால் சுண்ணாம்புக்கல்லில் வரைந்து, கோந்தும் அமிலமும் பூசிப் பதப்படுத்தி, கல்லை நனைத்து மை உருளையை ஓட்டுவார்கள். வரைந்த இடம் மையைப் பிடித்துக்கொள்ளும், ஈரமான மற்ற இடம் தள்ளிவிடும். அதனால் ஓவியரின் கை எங்கே அழுத்தியது, எங்கே தளர்ந்தது என்பதுகூடத் தாளில் இறங்கிவிடுகிறது.

லாம் 1902-இல் கியூபாவின் சாகுவா லா கிராண்டேயில் பிறந்தவர். அப்பா சீனாவிலிருந்து குடியேறியவர். அம்மா ஆப்பிரிக்கர், ஸ்பானியர் இருவரின் வழிவந்தவர். ஞானத்தாய் மான்டோனிகா வில்சன், சாண்டேரியா என்ற ஆப்பிரிக்க-கியூப வழிபாட்டின் பூசாரி. மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட யொருபா மக்களின் தெய்வங்கள்தான் அங்கே ஒரிஷாக்கள். ஒரிஷா யார்மேல் இறங்குகிறதோ அவரைக் குதிரை என்பார்கள். தெய்வம் அவர்மேல் ஏறி ஓட்டுகிறது. சாமி வந்து ஆடுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தக் குதிரை முகப் பெண்ணை நான் அப்படித்தான் பார்த்தேன். கொம்புத் தலை எலெகுவா, வழி திறந்துவிடும் தெய்வம்.

பிக்காசோவின் சாயல் என்று லாமை ஒரு வரியில் ஒதுக்கும் கட்டுரைகளைப் படித்தால் எனக்குக் கோபம் வரும். பாரிஸ் ஓவியர்களுக்கு ஆப்பிரிக்க முகமூடி அருங்காட்சியகப் பொருள். இவருக்கு அந்தத் தெய்வங்கள் ஞானத்தாய் வீட்டுத் தெய்வங்கள்.

* * *

அக்கா, அந்த எலெகுவாவை நான் ஹவானாவில் தங்கிய வீட்டில் பார்த்தேன், கதவுக்குப் பின்னால். சிமெண்டில் செய்த கையளவுத் தலை. கொம்பு கிடையாது. கண்ணுக்கும் வாய்க்கும் சோழி. முன்னால் மிட்டாயும் ஒரு சுருட்டும். வீட்டுக்காரப் பாட்டி வெளியே கிளம்பும்போதெல்லாம் அதன் எதிரில் நின்று ஏதோ முணுமுணுத்துவிட்டுத்தான் போவார்.

அங்கே பேராலயச் சதுக்கத்தை ஒட்டிய சந்தில் 1962-இல் தொடங்கிய அச்சுப் பட்டறை ஒன்று இருக்கிறது, அவசியம் போங்கள். ஒரு காலத்தில் சுருட்டுப் பெட்டி லேபிள் அச்சடித்த கற்களில்தான் இன்றைக்கும் வரைகிறார்கள். ஒரு பையன் கல்மேல் கல்லை வைத்து, இடையில் மணலும் தண்ணீரும் விட்டு, வட்டமாகத் தேய்த்துப் பழைய படத்தை அழித்துக்கொண்டிருந்தான். லாம் தன் அச்சுப் படங்கள் பலவற்றைச் செய்தது மிலானில், ஜார்ஜியோ உபிலியோவின் பட்டறையில். ஆனாலும் அந்தக் கல்லின் ஈர வாசனையில் நிற்கும்போது எனக்கு அவர் நினைவுதான்.

* * *

தம்பி, அக்கா, இருவரும் எழுதியது அருமை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். லாம் சாண்டேரியாவில் தீட்சை பெற்றவர் அல்ல. அதனால் ஒவ்வொரு கொம்புக்கும் ஒரு தெய்வத்தின் பெயரை ஒட்டிவிட முடியாது. 2016-இல் லண்டன் டேட் மாடர்னில் அவர் கண்காட்சியைப் பார்த்தபோது கவனித்தேன்: ஒரே உருவம் ஒரு படத்தில் தெய்வமாக நிற்கிறது, இன்னொன்றில் ஆயுதமாக.

1941-இல் இரண்டாம் உலகப் போரிலிருந்து தப்பி, பிரான்சின் மார்செய் துறைமுகத்தில் கப்பலேறி கியூபா திரும்பியவர் அவர். கறுப்பர்களின் வறுமையையும், அவர்கள் வழிபாடு சுற்றுலாக்காரர்களுக்குக் கேளிக்கை ஆகியிருந்ததையும் கண்டு கொதித்தார். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1945-இல் வாங்கிய 'காடு' ஓவியத்தில் உருவங்கள் கரும்புக்கு நடுவே நிற்கின்றன. ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக்கி உழைக்கவைத்த அதே கரும்பு. அக்கா, நீங்கள் பார்த்த லித்தோகிராஃபில் கரும்போ இலையோ இருந்ததா?

* * *

இல்லை. வெறும் மண் நிறம்தான். பிற்காலத்தில் அவர் செடிகொடிகளை எல்லாம் விலக்கிவிட்டு உருவங்களைத் தனியே நிறுத்தினார். எனக்கு அந்த வெறுமைதான் அதிகம் பிடித்தது.